பதில் சொல்லாத துணை

பழவேற்காட்டு ஏரியில் வலைக்குப் போய்விட்டு வீடு திரும்பிய ஒருவர், கூட வந்தவரிடம் "மச்சான், கயித்த சரியா கட்னேனா?" என்று கேட்டால் அதில் வியப்பு ஒன்றுமில்லை. இரவில் காற்று திரும்பினால் படகு போய்விடும். படகு போனால் பிழைப்பும் போய்விடும். "கட்டிட்டடா" என்று பதில் வரும், பேச்சு அதோடு முடியும். அதே கேள்வி விடிவதற்குள் எட்டு முறை வந்து, ஒன்பதாவது முறை கரைக்கே கூட்டிப்போய் முடிச்சைக் காட்டச் சொல்லி, காட்டிய பிறகும் முகம் தெளியவில்லை என்றால் அங்கே வேறொன்று நடக்கிறது. எண்ணச் சுழற்சி நோய் என்று மருத்துவர்கள் எழுதுவதும், ஓசிடி என்று பலரும் விளையாட்டாகச் சொல்லிக்கொள்வதும் இதைத்தான். இந்த நோயுள்ள நண்பருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த ஒன்பதாவது கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்துவது. அவரிடம் முன்பே பேசி, அவர் சம்மதத்தோடு, அவர் பக்கத்திலேயே இருந்துகொண்டு நிறுத்துவது. கேட்டதைச் செய்து கொடுப்பதுதான் நட்பு என்று பழகிய ஊர்களில் இது எளிதில் ஏற்கத்தக்க பேச்சில்லை. அதனால்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1978இல் லண்டனில் இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் ஸ்டான்லி ராக்மன். மற்றவர் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா. எந்த நோயும் இல்லாதவர்களிடம் அவர்கள் விசாரித்தபோது, ஐந்தில் நான்கு பேர், நோயாளிகளுக்கு வருவது போன்ற வேண்டாத எண்ணங்கள் தங்களுக்கும் வருவதாகச் சொன்னார்கள்: கை அசுத்தமாகிவிட்டதோ, அடுப்பை அணைக்கவில்லையோ, பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிடுவேனோ. எண்ணம் எல்லார் தலையிலும் வந்து போகிறது. நோயுள்ளவருக்கு அது போக மறுக்கிறது, ஏனென்றால் அதை அவர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார். பயம் ஏறுகிறது, கழுவுகிறார், சரிபார்க்கிறார், எண்ணுகிறார், யாரையாவது கேட்கிறார். பயம் சற்று இறங்குகிறது. இறங்கிய அந்தச் சில நிமிடங்கள்தான் கெடுதல், கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்வது அப்போதுதான். நண்பரின் "கட்டிட்டடா" என்ற சொல்லும் இந்தக் கணக்கில் இன்னொரு முறை கை கழுவுவதற்குச் சமம். 1995இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நோயாளிகளின் குடும்பங்களைப் பார்த்தபோது, பெரும்பாலான உறவினர்கள் கழுவுவது, சரிபார்ப்பது போன்ற நோயின் சடங்குகளில் ஏதோ ஒரு விதத்தில் பங்கெடுப்பதைக் கண்டார்கள். அன்பில்லாதவர்கள் செய்கிற காரியமில்லை இது. அன்பு இருப்பதால்தான் வீடு முழுக்க நோய்க்கு வேலை செய்கிறது.

ஏரியும் கடலும் உண்மையிலேயே ஆபத்தானவை, அங்கே வாழ்கிறவர் பத்து முறை சரிபார்ப்பதை நோய் என்பது நகரத்துப் பேச்சு என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. 2004 டிசம்பரில் சுனாமியைப் பார்த்த கரை இது. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இதே ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அங்கே ஒருவர் அஞ்சுவதற்குக் காரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆபத்தை மதிக்கிற மீனவரின் சரிபார்ப்பு ஒரு இடத்தில் முடிகிறது: டீசல் பார்த்தார், கயிறு பார்த்தார், காற்று பார்த்தார், கிளம்பினார். நோயின் சரிபார்ப்புக்கு அந்த முடிவு கிடையாது. பார்க்கப் பார்க்க, பார்த்தோம் என்பதிலேயே நம்பிக்கை குறைகிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறதா, வேலையையோ உறவையோ கெடுக்கிறதா என்பதே மருத்துவர்களின் பொதுவான அளவுகோல். இறால் கிடைக்கிற பருவத்தில் ஒரு மணி நேரம் என்றால் என்ன என்று குப்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் அருமையான இடத்தில், மீன் வெட்டிய கையை ஒரு பெண் ஐந்து குடம் ஊற்றிக் கழுவினால் அது முதலில் நோயாகத் தெரியாது, குடும்பச் சண்டையாகத்தான் தெரியும்.

கழுவுவதும் சரிபார்ப்பதும் வெளியே தெரிகிறவை. தெரியாத வகை இன்னும் கொடியது. பெற்ற குழந்தையின் கழுத்தை நெரித்துவிடுவேனோ, படகில் அசந்து தூங்குகிற பங்காளியைத் தண்ணீரில் தள்ளிவிடுவேனோ என்ற எண்ணம் வந்து, அந்த எண்ணத்துக்காகவே தன்னை வெறுத்து, வலைக்குப் போவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஊருக்கு அவர் சோம்பேறி. எப்போதாவது அவர் வாய் திறந்து சொன்னால் கேட்கிறவர் பயந்து விலகக் கூடாது. இந்த எண்ணம் அவரை நடுங்க வைக்கிறது என்பதே அது அவர் விருப்பத்துக்கு நேர் எதிரானது என்பதற்கு அடையாளம். இத்தகைய நோயாளிகள் அந்த எண்ணத்தைச் செயலாக்குகிறவர்கள் அல்லர் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்தது. ஆனால் "சாகலாம் போல இருக்கு" என்று அவர் சொன்னால் அதை எண்ணச் சுழற்சி என்று தள்ளிவிடாமல் அன்றே உதவி தேட வேண்டும். இந்த நோயில் தற்கொலை ஆபத்து குறைவானதல்ல.

பதில் சொல்ல மறுப்பது கொடுமையில்லையா? திடீரென்று, கோபத்தில், "போடா, உனக்கு வேற வேலையே இல்ல" என்று மறுத்தால் கொடுமைதான், பலனும் இல்லை. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் பயத்தைத் தாங்கவைத்து, சடங்கைச் செய்யாமல் தடுக்கும் சிகிச்சையைத் தொடங்கியபோது, ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த நோயாளியின் அறையில் தண்ணீரையே அடைத்துவிட்டார்கள். அது மருத்துவமனை, செவிலியர் கூடவே இருந்தார்கள். இன்றைய சிகிச்சை அப்படி நடப்பதில்லை. எந்தப் பயத்தை எந்த அளவுக்குத் தாங்கிப் பார்ப்பது என்பதை நோயாளியே சிகிச்சையாளரோடு சேர்ந்து படிப்படியாகத் தீர்மானிக்கிறார். நண்பர் குழாயை அடைக்கக் கூடாது, சோப்பை ஒளிக்கக் கூடாது. தன் வாயிலிருந்து வருகிற பதில் மட்டும்தான் அவர் பொறுப்பு. பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதற்கு நல்ல முன்மாதிரி கையிலேயே இருக்கிறது. சுத்து வலை போடும் இடங்களை யார், எந்த நாளில் எடுப்பது என்பதைத் தலைமுறைகளாக அவர்கள் பாடு முறையில் முன்கூட்டியே பேசி வகுத்துக்கொள்கிறார்கள். அதனால் ஒவ்வொரு காலையும் கரையில் நின்று சண்டை போட வேண்டியதில்லை. நண்பரோடு செய்துகொள்ளும் ஏற்பாடும் அப்படித்தான் இருக்க வேண்டும்: பயம் இல்லாத ஒரு வேளையில் உட்கார்ந்து, "ஒரு தடவ கேட்டா சொல்றேன், ரெண்டாவது தடவ கேட்டா, இது அந்த நோய் கேக்குதுடா, வா நடந்துட்டு வரலாம்னு சொல்வேன், சரியா?" என்று பேசி முடித்துவிட வேண்டும். பிறகு பயம் உச்சத்தில் இருக்கும்போது புதிதாகப் பேரம் இல்லை. முதல் சில நாட்கள் அவருடைய தவிப்பு கூடும். அதைத் தோல்வி என்று எண்ணிப் பதிலைக் கொடுத்துவிட்டால், தவித்தால் பதில் கிடைக்கும் என்ற புதுப்பாடம்தான் மிஞ்சும்.

பக்திக்கும் ஆசாரத்துக்கும் நோய் என்று பெயர் வைக்கிறீர்களே என்பது இன்னொரு மறுப்பு. மகிமை மாதா கோயிலும் பள்ளிவாசல்களும் அம்மன் கோயில்களும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் இந்த மறுப்பு வராமல் போகாது. ஆனால் சமயங்களே பக்திக்கும் நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை உளவியலுக்கு முன்னால் கண்டுவைத்திருக்கின்றன. தொழுகைக்கு முன் உடல் கழுவும் ஒளுவைச் செய்தோமா, அது முறிந்ததா என்று திரும்பத் திரும்பத் தொடங்குகிறவருக்கு வந்திருப்பது வஸ்வாஸ் என்னும் ஊசலாட்டம், அதைப் பொருட்படுத்தாமல் தொழுகையைத் தொடரவேண்டும் என்றே இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். உறுதியாக இருந்ததை ஐயம் நீக்கிவிடாது என்பது அவர்களின் அடிப்படை விதிகளில் ஒன்று. காளஹஸ்தி இந்த ஏரியிலிருந்து வெகு தூரமில்லை. அங்கே வாயில் கொண்டுவந்த நீரால் அபிஷேகம் செய்த கண்ணப்பரை வணங்குகிற சமயம், ஏழு முறை குளித்தும் தீட்டுப் போகவில்லை என்று அழுகிறவரைப் பார்த்து இன்னும் குளி என்று சொல்லாது. இவற்றில் மிகவும் யோசிக்க வைப்பது இஞ்ஞாசியார் கதை. இயேசு சபையைப் பின்னாளில் நிறுவிய அவர், 1522இல் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, சொல்லிவிட்ட பாவங்களைச் சரியாகச் சொல்லவில்லையோ என்று மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்து தற்கொலை எண்ணம் வரை போனார். பழையதை இனிச் சொல்லாதே, மிகத் தெளிவாக இருந்தால் மட்டும் சொல் என்று குருவானவர் கட்டளையிட்டார். பலிக்கவில்லை. அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தன. பழைய பாவம் எதையும் இனி ஒருபோதும் சொல்வதில்லை என்று தாமே முடிவெடுத்த பிறகுதான் விடுபட்டார். "ரொம்ப அவசரம்னா மட்டும் கேளு" என்று சலுகை விடுகிற நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோய்க்கு எல்லாமே அவசரம்.

நண்பர் சிகிச்சையாளர் ஆகிவிட முடியாது. ஆகப் பார்ப்பதும் தவறு. சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் அரிதானவர்களும் அல்லர்: தமிழ்நாடும் இடம்பெற்ற, 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வில் இந்த நோய் 0.8 விழுக்காடு பெரியவர்களிடம் இருந்தது. ஐந்நூறு பெரியவர்கள் உள்ள குப்பத்தில் நான்கு பேர் என்று இதை வாசித்துக்கொள்ளலாம். மருந்து இருக்கிறது: ஃப்ளூவாக்ஸ்டின், செர்ட்ரலின் போன்றவை விலை அதிகமில்லாதவை, மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவில், எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுத்துத்தான் பலன் தெரியும். இரண்டாவது வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அங்கே நண்பருக்கு வேலை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். பொன்னேரிக்கோ, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ போக வேண்டியிருந்தால் ஒரு நாள் தொழில் போகும். கூடப் போவதும், அன்றைய பங்கில் அவருக்கும் ஒன்றை ஒதுக்குவதும், ஆயிரம் முறை "கட்டிட்டடா" சொல்வதைவிடப் பெரிய காரியம்.

நகரத்தில் இல்லாத ஒரு சிக்கலும் குப்பத்தில் உண்டு. பதில் சொல்ல ஒருவர் மறுத்தால் அடுத்த வாசல் நாலு அடியில் இருக்கிறது. நண்பர் சொல்லாததை மனைவி சொல்வார், மனைவி சொல்லாததை அண்ணி சொல்வார், ஒருவருமில்லை என்றால் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் சொல்வார். ஆகவே ஏற்பாட்டில் வீட்டாரையும் சேர்க்க வேண்டும். சாமியாரிடமோ ஹஜ்ரத்திடமோ அவர் அடிக்கடி போய்க் கேட்கிறார் என்றால் அவர்களிடமும் சொல்லிவைக்கலாம். இதில் யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை நோயுள்ளவரே முடிவுசெய்ய வேண்டும். ஒரு தெருவுக்குச் சொன்னது ஏரி முழுக்கத் தெரிந்துவிடுகிற இடத்தில், அவரைக் கேட்காமல் ஊரைத் திரட்டினால் அடுத்த முறை அவர் நம்மிடம் வாயே திறக்க மாட்டார்.