கரஸ்ல சேரலாமா டீச்சர்?



போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு படித்தவள். இப்போது ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். "டீச்சர், கரஸ்ல எம்.பி.ஏ. சேரலாம்னு இருக்கேன். வீட்டுல, கரஸ் டிகிரிய யாரு மதிக்கிறா, காசுக்குக் கேடுங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

உடனே பதில் சொல்லவில்லை. "ரெண்டு நாள் பொறும்மா" என்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது. உங்களில் பலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பட்டம் கிடையாது. ஆசிரியர் பயிற்சி முடித்து, இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவள் நான். 1985-இல் நானும் பக்கத்து வகுப்பு டீச்சரும் ஒன்றாகத்தான் அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தோம். முதல் வருடம் இருவரும் பாஸ். இரண்டாம் வருடம் எனக்குச் சின்னவன் பிறந்தான். மாமியாரும் படுக்கையில் விழுந்துவிட்டார். பாடக் கட்டுகள் தபாலில் வந்துகொண்டே இருந்தன. நான் பிரிக்கக்கூட இல்லை. அந்த டீச்சர் பி.ஏ. முடித்தார், பி.எட். முடித்தார், பட்டதாரி ஆசிரியராகி உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். எங்கள் இருவருக்கும் பாடம் நடத்துவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு காகிதம்தான் வித்தியாசம். அது இன்றைக்கும் எங்கள் ஓய்வூதியத்தில் தெரிகிறது.

அதனால் கரஸ் படிப்புக்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். தில்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே இதைத் தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனை ஆசிரியர்கள், கிளார்க்குகள், போலீஸ்காரர்கள், கண்டக்டர்கள், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன எத்தனை பெண்கள் இதில் படித்து மேலே வந்திருக்கிறார்கள்! அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தரும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2022 செப்டம்பரில் தெளிவாகவே அறிவித்துவிட்டது.

அப்படியானால் ஏன் இரண்டு நாள் கேட்டேன்? முன்பு ஒருமுறை யோசிக்காமல் பதில் சொன்னதால்தான்.

பத்தாவதோடு நின்று அச்சகத்தில் வேலைக்குப் போன மாணவன் ஒருவன். கெட்டிக்காரன். 2005 வாக்கில் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "மேல படிக்கணும் டீச்சர்" என்றான். பிளஸ் டூ இல்லாமலே, ஆயத்தப் படிப்பு ஒன்றை எழுதிவிட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பு சேரலாம் என்று பேப்பரில் பார்த்திருந்தேன். "அதுல சேர்ந்துடுப்பா, ரெண்டு வருஷம் மிச்சம்" என்று சொன்னது நான்தான். ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்துப் பட்டம் வாங்கி, எனக்கு ஸ்வீட் பாக்ஸும் கொண்டுவந்தான்.

அதற்குள் 2009-இல் தமிழக அரசின் ஆணை வந்தது. பத்தாவது, பிளஸ் டூ முறையாக முடிக்காமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது. பட்டதாரிகளுக்கான போட்டித் தேர்வில் அவன் நல்ல மார்க் எடுத்தும், சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கோபப்படவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க டீச்சர்" என்றான். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அப்புறம் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதி, மறுபடியும் முதலிலிருந்து ஒரு பட்டம் படித்தான். அதற்குள் அந்த வேலைக்கான வயது தாண்டிவிட்டது. இப்போது சொந்தமாக அச்சகம் வைத்து நன்றாக இருக்கிறான். ஆனாலும் அவனுடைய அந்த வருடங்கள் என் கணக்கில்தான் நிற்கின்றன.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தக் கதவைத் திறக்க இந்தப் பட்டம் வேண்டும் என்று கேளுங்கள். பிறகு அந்தக் கதவுக்குரியவரிடமே போய் விசாரியுங்கள். தனியார் கம்பெனி என்றால் எச்.ஆர்.-இடம் மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள். அரசு வேலை என்றால் சேருவதற்கு முன்பே துறையின் அனுமதியை வாங்குங்கள். பத்து, பிளஸ் டூ, பட்டம், அதற்குப் பிறகு முதுகலை என்ற வரிசை உங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் வருடத்தில் அனுமதி இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள்.

இன்ஜினியரிங், நர்சிங், பார்மசி, சட்டம் இதெல்லாம் தொலைநிலையில் கிடையாது. யாராவது தருகிறேன் என்றால் ஓடிவந்துவிடுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில தொலைநிலையில் கொடுத்த இன்ஜினியரிங் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017-இல் நிறுத்திவைத்தது. படித்து, வேலைக்கும் போய்ப் பல வருடம் ஆனவர்கள் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. "பரீட்சை எழுத வேண்டாம், மூணு மாசத்துல டிகிரி" என்று பேசுகிற ஏஜென்ட் பக்கமே போகாதீர்கள். இப்போது சேருவதற்கு மாணவர் தன் பெயரில் டெப் ஐடி எடுக்க வேண்டும். அதை நீங்களே எடுங்கள். ஓடிபி-யை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கதவைத் திறப்பது பட்டம். உள்ளே போன பிறகு உட்கார வைப்பது படிப்புதான். பரீட்சைக்கு முந்தின வாரம் கைடு வாங்கிப் பத்துக் கேள்வி உருப்போட்டுப் பாஸ் பண்ணிவிடலாம், எனக்குத் தெரியும். ஆனால் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையோடு விவாதம் செய்வதும், ஆசிரியரை நிறுத்திச் சந்தேகம் கேட்பதும் கரஸில் குறைவு. அந்தக் குறையை நீங்கள்தான் சரிக்கட்ட வேண்டும். தொடர்பு வகுப்புக்குத் தவறாமல் போங்கள். பகலில் பார்க்கும் வேலையை ராத்திரி படிக்கும் பாடத்தோடு பொருத்திப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைக்கு இல்லாத வசதி இது. அதை விட்டுவிடாதீர்கள்.

நேற்று அந்த மாணவிக்குப் போன் செய்தேன். "ஆபீஸ்ல கேட்டியா?" என்றேன். கேட்டாளாம். மேனேஜர் பதவிக்கு முதுகலை வேண்டும், அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டம் என்றால் சரி என்று மெயிலே வந்துவிட்டதாம். "அப்ப சேர்ந்துடும்மா" என்றேன்.

அவள் வீட்டுக்காரரும் இந்தப் பதிவைப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். தம்பி, அவள் பீஸ் கட்ட உங்களிடம் பணம் கேட்கவில்லை. ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும். நான் 1986-இல் பாடக் கட்டைப் பிரிக்காமல் பரணில் போட்டதற்குக் காரணம் கரஸ் அல்ல. அந்த இரண்டு மணி நேரம் எனக்கு யாரும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

படிக்கிற எல்லோருக்கும் என் ஆசிகள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். இப்போதெல்லாம் விசாரிக்காமல் பதில் சொல்வதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்