தாத்தாவின் கப்சாய்க்குப் புதுச் சாயம் சரி, கிராண்ட் யார் பெயரில்?

பழைய மோட்டார்களுக்கு இன்று இருக்கும் மவுசை ஒரு காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்ட ஹோண்டா சி70-ஐ இன்று தேடி அலைகிறார்கள். 2011-ஆம் ஆண்டோடு தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ்-இசட் நல்ல நிலையில் இருந்தால் 10,000 வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள். திரெங்கானுவில் நடக்கும் ஆர்எக்ஸ்-இசட் ஒன்றுகூடலுக்கு நாடு முழுவதிலுமிருந்து மோட்டார்கள் திரள்வதையும், வழியில் ஜே.பி.ஜே.யும் போலீசும் சம்மன் எழுதுவதையும் செய்திகளில் பார்க்கிறோம்.

நம் இளைஞர்களும் இந்த அலையில் இருக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் கதை கொஞ்சம் வேறு. 10,000 வெள்ளி கொடுத்து ஆர்எக்ஸ்-இசட் வாங்கும் வசதி பலருக்கு இல்லை. இருப்பது தாத்தா விட்டுச் சென்ற கப்சாய். 1958-இல் ஜப்பானில் அறிமுகமான ஹோண்டா கப் ரகத்தைப் பினாங்கின் லோ பூன் சியூ இங்கே கொண்டுவந்து விற்றார். பால்மரக் காட்டுக்கும் பட்டணத்துக்கும் இடையே நம்மவர்களின் காலாக இருந்தது அதுதான். பால் வெட்டப் போனது, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டது, தோட்டம் துண்டாடப்பட்டு குடும்பம் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது லாரியில் கட்டில் பீரோவோடு ஏறி வந்தது, எல்லாம் அந்த மோட்டார்தான். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. பேரனுக்கு வயது பத்தொன்பது, கையில் பி2 லைசென்ஸ், முதல் வேலையில் சேர்த்த பணம் மூவாயிரம் நாலாயிரம் வெள்ளி. அவனுக்கு அது முதல் வண்டி.

அவன் முதலில் போவது போமனிடம். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. போமன் கார்புரேட்டரைப் பார்ப்பார், செயினைப் பார்ப்பார், தாய்லாந்து நகல் பாகங்களுக்கு விலை சொல்வார். கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பது அவர் வேலை அல்ல.

கிராண்ட் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. தாத்தா இறந்து பல ஆண்டுகள். சட்டப்படி அந்த மோட்டார் இப்போது இறந்தவரின் சொத்து. வங்கிச் சேமிப்புக்கு என்ன விதியோ, அந்தப் பழைய கப்சாய்க்கும் அதே விதி. ஜே.பி.ஜே. முகப்பில் பேரன் ‘என் தாத்தா வண்டி’ என்று சொன்னால் பெயர் மாறாது. அசையும் பொருள் மட்டும் என்றால் பெரும்பாலும் அமானா ராயாவிடம் போக வேண்டும். வீடு, நிலமும் சேர்ந்திருந்தால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பகிர்வுப் பிரிவு. உயில் இருந்தால் நீதிமன்ற வழி. அங்கிருந்து கிடைக்கும் கடிதத்தோடுதான் ஜே.பி.ஜே. வேலை ஆரம்பம்.

இன்னொன்றையும் நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பிரிக்கிறது. பெற்றோர் உயிரோடு இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அப்பா உயிரோடு இருக்கும்வரை பேரனுக்கு நேரடி உரிமை கிடையாது. அதாவது பாட்டி, அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாரும் சம்மதித்தால்தான் அது அவனுடையது. துருப்பிடித்துக் கிடந்தபோது அந்த மோட்டாரை ஏறெடுத்தும் பார்க்காத சித்தப்பாவுக்கு, சிவப்புச் சாயமும் குரோம் பளபளப்புமாக அது வெளியே வந்தவுடன் அப்பாவின் ஞாபகம் பொத்துக்கொண்டு வரும். சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். நாலாயிரம் வெள்ளி செலவழித்த பையனுக்கு அது வேடிக்கை அல்ல.

தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தாள் விஷயம் இன்னும் கடினம். தாத்தாவின் பெயர் அடையாளக் கார்டில் ஒரு மாதிரி, அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் வேறு மாதிரி. எழுதியவர் தோட்டத்துக் கிராணியோ, தமிழ் தெரியாத அதிகாரியோ, காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தாத்தா பாட்டி திருமணம் தோட்டத்துக் கோயிலில் நடந்திருக்கும், பதிவு இருக்காது. 1982 மார்ச் 1-ஆம் தேதி புதிய திருமணச் சட்டம் நடப்புக்கு வருவதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்கள் செல்லும். ஆனாலும் அதை நிரூபிக்க ஒரு சத்தியப்பிரமாணமாவது வேண்டியிருக்கும். இரு பெயரும் ஒரே ஆள்தான் என்பதற்கும் அப்படியே.

இதையெல்லாம் விட்டுவிட்டு, சாலை வரியை மட்டும் தாத்தா பெயரிலேயே புதுப்பித்து ஓட்டுபவர்களும் உண்டு. 150 சிசி வரையிலான மோட்டாருக்கு ஆண்டு வரி 2 வெள்ளிதான், யாரும் தடுப்பதில்லை என்பார்கள். விபத்து நடக்கும்வரை சரி. இறந்தவர் பெயரில் எடுத்த காப்புறுதியை வைத்துக்கொண்டு, மோதப்பட்டவரின் வழக்குக்கு அந்தப் பையன் எப்படிப் பதில் சொல்வான்? இந்நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களுடையது. இது கற்பனைக் கவலை இல்லை.

அடுத்தது மாற்றம் செய்யும் வேலை. சி70-இன் 72 சிசி இன்ஜின் மெதுவானது என்று 110, 125 சிசி இன்ஜினை அதே சட்டத்தில் பொருத்துவது இப்போது பரவலான பழக்கம். கிராண்டில் இருக்கும் இன்ஜின் எண் அப்போது பொருந்தாது. ஜே.பி.ஜே. அனுமதியும் சோதனையும் இல்லாத இன்ஜின் மாற்றம் குற்றம். சாலைத் தடுப்பில் எண் பொருந்தாவிட்டால் திருட்டு வண்டியோ என்ற கேள்வி வரும், மோட்டார் பறிபோகும். நிறம் மாற்றினால்கூட ஜே.பி.ஜே.க்குத் தெரிவிக்க வேண்டும். ஈக்ஸோஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022-இல் போலீஸ் மாற்றியமைத்த ஈக்ஸோஸுக்கு 2,000 வெள்ளி வரை அபராதம் என்று அறிவித்தபோது இணையத்தில் எவ்வளவு கூச்சல்! சட்டம் மட்டும் மாறவில்லை.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், முதல் முறை கைவைப்பவர் இன்ஜினைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் ஈக்ஸோஸை மட்டும் திறந்துவிட்டு கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் பெட்ரோல் குறைந்து காற்று கூடும், சூடேறி பிஸ்டன் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கூட்டாளியின் பேச்சைக் கேட்டு ஓட்டோலூப் பம்பைக் கழற்றியவர்கள், ஒரு நாள் 2டி எண்ணெய் கலக்க மறந்ததும் அதே பாடத்தைப் படிக்கிறார்கள். பழைய சி70-இன் மின்சாரம் 6 வோல்ட். பாசார் மாலாமில் வாங்கிய 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கை அதில் சொருகிவிட்டு எரியவில்லை என்று போமனைத் திட்டிப் பயனில்லை.

பணத்தை பிரேக்கிலும் டயரிலும் போடுங்கள். இரண்டு பக்கமும் டிரம் பிரேக், அதற்குள் பல வருட ஷூ. பார்க்க அழகு என்று மெல்லிய டயர் போட்டால் மழைக்கால நெடுஞ்சாலையில் பிடிமானம் எங்கே கிடைக்கும்? பாட்டரி இருக்கும் பகுதியில் சட்டம் உள்ளேயிருந்து துருப்பிடித்திருக்கும், சாயம் பூசுமுன் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். சாயக்கடைக்காரரிடம் சட்ட எண் இருக்கும் இடத்தை மூடித் தேய்க்கச் சொல்லுங்கள். தடிமனான சாயம் எண்ணை மறைத்துவிட்டால் அதை மறுபடி காட்டுவது பெரும்பாடு. கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள். லெக் ஷீல்டு, மீட்டர் எல்லாம் அசல் என்பதால்தான் விலை.

2011-இல் மைடஃப்தார் இயக்கம் நடந்தபோது பிறப்புப் பத்திரம், குடியுரிமை என்று நம் மக்கள் வரிசையில் நின்றார்கள். இறந்தவர் பெயரில் கிடக்கும் மோட்டார், இ.பி.எஃப். பணம், வங்கிப் புத்தகம் இவற்றுக்கு அப்படியொரு முகாமை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ நடத்த நம் இயக்கங்களால் முடியாதா? ஓர் அமானா ராயா அதிகாரி, ஒரு சத்தியப்பிரமாண ஆணையர், இரண்டு வழக்கறிஞர்கள் போதும். பெயர்க் குழப்பத்தையும் கோயில் திருமணத்தையும் வாயால் சொல்லி உறுதிப்படுத்தக்கூடிய பாட்டிமார் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.