களிக்குக் கோழி காவலா?

திருப்பதி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது மலை. அடுத்தது ஓட்டல் போர்டு. இட்லி, தோசை, பூரி, பொங்கல், ‘நார்த் இண்டியன்’ தாளி, நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன். மேலிருந்து கீழ்வரை எத்தனை முறை படித்தாலும் இது எந்த ஜில்லா என்று கண்டுபிடிக்க முடியாது. நாகபுரியிலும் இதே பட்டியல்தான், நாகர்கோவிலிலும் இதே பட்டியல்தான்.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சாப்பாடு இல்லையா என்றால், நன்றாகவே இருக்கிறது. சித்தூர்த் தமிழர் வீட்டில் அதற்குப் பெயர் களி. தெலுங்கர் வீட்டில் சங்கடி. பலமனேரைத் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் போனால் முத்தே. பெயர் மூன்றானாலும் உருண்டை ஒன்றுதான். மூன்று மொழியும் கலந்து பேசும் ஜனங்களை ஒரே பந்தியில் உட்கார வைக்கக்கூடிய பண்டம் இதைப்போல் வேறொன்று இல்லை.

ஓட்டல்களில் சங்கடி அடியோடு கிடைக்காமலும் இல்லை. மிலிட்டரி ஓட்டல்களில் உண்டு. இப்போது குளிர்சாதன ஓட்டல்களிலும் ‘ராயலசீமா ஸ்பெஷல்’ என்ற பட்டத்தோடு பித்தளைத் தட்டில் வந்து இறங்குகிறது. ஆனால் தனியாக வருவதில்லை. நாட்டுக்கோழிப் புலுசு துணைக்கு வருகிறது. இல்லாவிட்டால் ஆட்டுக்கறிக் குழம்பு. “களி மட்டும் போதும், கீரையோ கடலைச் சட்னியோ இருந்தால் கொடுங்கள்” என்று ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். சர்வர் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். சுத்த சைவ ஓட்டலிலோ அந்தப் பேச்சே கிடையாது.

கோளாறு எங்கே என்பது இதிலேயே தெரிகிறது. திருப்பதிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் யாத்திரிகர்கள். கறி சாப்பிடும் வழக்கமுள்ளவர்கூட மலையேறும் நாளில் அதைத் தொடுவதில்லை. திருமலையில் மாமிசமும் மதுவும் அறவே கூடாது. ஆகவே ஊருக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பகுதிக்கு அந்த ஊர் உணவு எட்டாமலே போய்விடுகிறது. களிக்குக் கோழியைக் காவல் வைத்தது யார்?

வீடுகள் அல்ல என்று அடித்துச் சொல்லலாம். கோழி அடிப்பது பண்டிகைக்கு, அல்லது மருமகன் வந்தால். களி கிண்டுவதோ தினசரி. அந்தத் தினசரிக் களிக்குத் தொட்டுக்கொண்டது கீரைக் கடைசல், புளிச்சக்கீரைத் துவையல், கொள்ளு ரசம், வறுத்த வேர்க்கடலையையும் காய்ந்த மிளகாயையும் வைத்து அரைத்த சட்னி. ஒன்றும் இல்லாத நாளில் பச்சை வெங்காயம். மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டுக் கழனிக்குப் போனார்கள். கோழியும் களியும் இணைபிரியாத ஜோடி என்பது ஓட்டல்காரர்கள் கட்டி வைத்த கல்யாணம்.

களி கிண்டுவதும் லேசான காரியம் அல்ல. நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, கேழ்வரகு மாவை அதன்மேல் குன்றுபோல் கொட்டி, நடுவில் துளையிட்டு, ஆவியில் மாவு வேகும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது. பிறகு பானையை இடுக்கிப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டும்போது தோள் வலிக்கும். ஒரு கட்டிகூட விழக்கூடாது. கை சுடச்சுட, தண்ணீர் தொட்டு உருட்ட வேண்டும். சாப்பிடுவதற்கும் முறை உண்டு. மெல்லக்கூடாது. சிறு துண்டாகக் கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். மென்று பார்த்துவிட்டு “பல்லில் ஒட்டுகிறது” என்று குறை சொல்பவர்மீது தப்பில்லை. சொல்லிக் கொடுக்காதவர்மீதுதான் தப்பு.

இப்படிப்பட்ட உணவு வீட்டை விட்டே வெளியேறிய கதையும் உண்டு. 1983-ல் என்.டி. ராமராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுக்கத் தொடங்கியது. அதைக் குறை சொல்பவர் பசியை அறியாதவர். மழை பொய்த்த மேட்டுக் காடுகளில் வயிறு நிறையச் சோறு கண்டது பல குடும்பங்களுக்கு அப்போதுதான். ஆனால் அரிசி மலிந்ததும் கேழ்வரகு ஏழ்மையின் அடையாளமாகிவிட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் களிப்பானையை மூடி மறைக்கும் வழக்கம்கூட வந்தது. மானாவாரியில் கேழ்வரகு போட்டவர்கள் வேறு பயிருக்கு மாறினார்கள்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. சர்க்கரை நோய் வந்தவருக்கு டாக்டரே கேழ்வரகைச் சொல்கிறார். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் தேறினால் அதிகம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் ஆந்திர அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் ராகி ஜாவை கொடுக்கத் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளை குடிக்கிறது, பணக்காரர் பித்தளைத் தட்டில் விலை கொடுத்து வாங்குகிறார். நடுவில் இருக்கும் பஸ் பிரயாணிக்கு மட்டும் மைதா பூரி.

ஓட்டல்காரர்களிடம் கேட்டால் மூன்று சமாதானம் தயாராக இருக்கிறது. களி ஆறினால் கல்லாகிவிடும், கிண்ட ஆள் கிடைப்பதில்லை, வெளியூர்க்காரருக்குப் பிடிக்காது. முதல் இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தோசையும் ஆறினால் ரப்பர்தானே? அதற்காக யாரும் கல்லை இறக்கி வைத்துவிடவில்லை. பெங்களூரில் சைவ ஓட்டல்களிலேயே மத்தியானம் முத்தே சாப்பாடு போடுகிறார்கள். முளைகட்டிய பயறுச் சாறு, கீரைச் சாறு, நெய் ஒரு கரண்டி. ஆபீஸ் குமாஸ்தா முதல் ஐ.டி. பையன்வரை வரிசையில் நிற்கிறார்கள். பெங்களூருக்கு முடிந்தது சித்தூருக்கு முடியாதா? மூன்றாவது சமாதானம் செல்லவே செல்லாது. கொடுத்துப் பார்த்தவர் அல்லவா பிடிக்காது என்று சொல்ல வேண்டும்.

லட்டு இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். லட்டின் புகழுக்கு யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. 2009-ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனால் அது பிரசாதம். ஒருவேளைச் சாப்பாடு அல்ல. திருமலையின் பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. அப்பம், அதிரசம், வடை, சுகியன், மனோகரம் என்று எத்தனை பண்டம், எவ்வளவு நெய் என்பதெல்லாம் அவற்றில் அளந்து எழுதியிருக்கிறது. உணவை அத்தனை சிரத்தையாகக் கணக்கு வைத்த ஊர் இது.

மலைமேல் 1985-ல் தொடங்கிய நித்திய அன்னதானம் இன்றும் நடக்கிறது. அன்னதானக் கூடத்துக்குத் தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். தரிகொண்டா பழைய சித்தூர் மாவட்டத்து ஊர், வறண்ட சீமை. 2025 மார்ச்சில் அங்கே இலையில் மசால் வடையும் சேர்ந்தது, யாத்திரிகர்கள் மகிழ்ந்தார்கள். வடைக்கு இடம் கிடைத்த இலையில் வாரம் ஒரு நாள் சிறு களி உருண்டைக்கும், ஒரு கரண்டிக் கடலைச் சட்னிக்கும் இடம் கிடைக்காதா? அங்கே ஒரு நாள் பரிமாறினால் கீழே இருக்கும் ஓட்டல்கள் மறுநாளே போர்டை மாற்றி எழுதும்.

மாம்பழத்தின் கதையும் இதேதான். சித்தூர் ஜில்லாவின் கிளிமூக்கு மாம்பழம், அதாவது தோத்தாபுரி, கூழாகி நாடெங்கும் பாட்டில் பானமாகப் போகிறது. 2025-ல் அதன் விலை விழுந்து, ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்கட்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. ஆலை வாசலில் டிராக்டர்கள் காத்துக் கிடந்தன. அந்த வாரத்தில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் தாகத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தால், பெட்டி பெட்டியாகப் பாட்டில். பழத்தைப் பிழிந்து டம்ளரில் கொடுக்க ஒரு கடை தேட வேண்டும். தன் தோட்டத்துப் பழத்தைப் பாட்டிலில் அடைத்த பிறகுதான் குடிப்பது என்று ஒரு ஜில்லா விரதம் எடுத்ததுபோல் இருக்கிறது.

பாட்டில் என்றதும் இன்னொன்று. வேலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வருகிற தமிழர்கள் சாலையோரம் ‘வைன்ஸ்’ என்ற போர்டுகளைப் பார்த்துத் திராட்சை ரசம் விற்கிறார்கள் போலும் என்று நினைத்தால் ஏமாந்துபோவார்கள். உள்ளே இருப்பது பிராந்தியும் விஸ்கியும் பீரும்தான். சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் திராட்சை மது என்ற மேல்நாட்டுப் பழக்கத்துக்கும் இந்தக் கடைகளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. களிக்குத் துணை மோர்தான். அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

பெரிய முதலீடு எதுவும் தேவைப்படாத காரியம் இது. மத்தியானம் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை, ஐம்பது உருண்டை, அதற்கு மேல் இல்லை என்று போர்டில் எழுதி வைக்கட்டும். கிண்டத் தெரிந்த அம்மாக்கள் சித்தூர், புத்தூர், நகரிக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள்; அறுபது வயதுக்கு மேல். அவர்களில் ஒருவரைச் சமையல்கட்டுக்குக் கூட்டிவந்து, இளைஞர் ஒருவர் கையில் துடுப்பைக் கொடுத்துப் பழக்கட்டும். விலை ஒரு மசால் தோசை விலையைத் தாண்ட வேண்டாம். கடலைச் சட்னியில் மட்டும் சர்க்கரை சேர்க்காமல் இருந்தால் போதும். அந்தப் பாழும் பழக்கம் சில ஓட்டல்களில் வந்துவிட்டது.