ஆஃபர்ல கழுத்து ஸ்கேனா? ஒரு நிமிஷம் யோசிங்க!



பொட்டிபுரத்துல இருக்கிற என் சித்தி, ஜீப்புல மலை ஏறிப்போய் ஏலக்காய் எடுக்கிறவங்க. நல்ல ஆரோக்கியம். கையில கூலி வந்த சமயத்துல, போடியில ஒரு லேப்ல ‘ஃபுல் பாடி செக்கப்’ ஆஃபர், 1,999 ரூபாய். கழுத்து ஸ்கேனும் சேர்த்தி. ரிப்போர்ட்ல, “தைராய்டில் 6 மி.மீ. கட்டி”.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல யாருக்கும் தூக்கம் இல்லை. மதுரைக்கு மூணு தடவை அலைச்சல், கார் வாடகை, ஊசி டெஸ்ட், மறுபடி ஸ்கேன்னு 14,000 ரூபாய் காலி. கடைசியா பார்த்த டாக்டர் சொன்னது: “இவ்வளவு சின்னதுக்கு ஊசியே தேவையில்லம்மா. போய் வேலையைப் பாருங்க.”

நான் சி.ஏ.தான், டாக்டர் இல்லை. ஆனா செலவுக்குப் பலன் இருக்கான்னு பார்க்கிறது என் தொழில். அதனால தேடிப் படிச்சேன்.

எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களை ஸ்கேன் பண்ணின ஆய்வுகள்ல, 100-க்கு 19 முதல் 68 பேருக்குத் தைராய்டு கட்டி தெரிஞ்சிருக்கு. வயசு கூடக்கூட இது அதிகம். பெண்களுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலானது புற்றுநோயே இல்லை.

“முன்னாடியே கண்டுபிடிச்சா நல்லதுதானே சார்?”னு கேட்பீங்க. தென் கொரியாவைப் பாருங்க. 1999-ல அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்துச்சு. அதுல தைராய்டு கிடையாது. ஆனா ஆஸ்பத்திரிகள் கொஞ்சம் கூடுதல் காசுக்குக் கழுத்து ஸ்கேனையும் சேர்த்து வித்தாங்க. 2011-ல தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 1993-ஐ விட 15 மடங்கு! சாவு எண்ணிக்கை? குறையவே இல்லை. ஆபரேஷன் பண்ணினவங்கள்ல 100-க்கு 11 பேருக்குக் கால்சியத்தைக் கட்டுப்படுத்துற சுரப்பி பாதிச்சது, 2 பேருக்குக் குரல் நரம்பு போச்சு. 2017-ல அமெரிக்க நிபுணர் குழுவும் சொல்லிடுச்சு: அறிகுறி இல்லாதவங்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம்.

இப்போ நம்ம சப்ஜெக்ட். சித்தி மகன் அப்போதான் குடும்பத்துக்கு ஹெல்த் பாலிசி எடுக்க இருந்தான். இனி விண்ணப்பத்துல இந்தக் கட்டியைச் சொல்லியே ஆகணும். சொன்னா அது சம்பந்தமான செலவுக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருப்பு போடலாம். மறைச்சா, நாளைக்கு க்ளெய்ம் சிக்கல். தயவுசெஞ்சு மறைக்காதீங்க. அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன்: முதல்ல பாலிசி, அப்புறம் செக்கப்.

“80டி-யில 5,000 ரூபாய் வரைக்கும் கழிவு கிடைக்குமே”ன்னு சிலர் சொல்வாங்க. அது பழைய வரி முறைக்கு மட்டும்தான். அதுவும் 25,000 வரம்புக்குள்ளேயே. கழிவுக்காகத் தேவையில்லாத ஸ்கேன் எடுக்கிறது, தள்ளுபடிக்காக வேண்டாத பொருளை வாங்குற மாதிரி.

செக்கப்பே வேண்டாம்னு சொல்லலை. பி.பி., சுகர் கண்டிப்பா பாருங்க. கழுத்துல வீக்கம் தெரிஞ்சாலோ, குரல் மாறி சரியாகாம இருந்தாலோ, விழுங்கக் கஷ்டமா இருந்தாலோ, குடும்பத்துல யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, ஆஃபருக்குக் காத்திருக்காம டாக்டர்கிட்ட போங்க. ஏற்கெனவே ரிப்போர்ட்ல கட்டின்னு வந்திருந்தா, பதறாம ஒரு தைராய்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஸ்கேன் தேவையான்னு டாக்டர் சொல்லட்டும், ஆஃபர் நோட்டீஸ் சொல்ல வேண்டாம். பாலிசி விண்ணப்பத்தை எப்படி நிரப்புறதுன்னு அடுத்த வீடியோவுல பேசுவோம்.