கார் எதற்கு? நிறுத்துவதற்கு

சொந்தக் காரில் அம்மன் கோவில்களுக்குப் போவதை நான் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர், "அப்போ எல்லாரும் மஞ்சப் புடவை கட்டிக்கிட்டு நடந்தே போகணுங்கறியா?" என்று கேட்டுவிடுகிறார். இல்லை. எழுபது வயதில் முட்டி தேய்ந்துபோன என் அம்மாவால் சமயபுரத்துக்கு நடக்க முடியாது. பேருந்துப் படியில் ஏறுவதே கஷ்டம். கார் இல்லையென்றால் அம்மாவுக்குக் கோவிலே இல்லை. நானும் பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறவள். என் சண்டை காரோடு அல்ல, அந்தக் காருக்கு நாம் போடுகிற திட்டத்தோடு.

இந்த ஆடிக்கு எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்த திட்டத்தைப் பாருங்கள். அண்ணன் போட்டது. ராத்திரி 2 மணிக்குச் சென்னையில் கிளம்ப வேண்டும். 4 மணிக்கு மேல்மருவத்தூர். 8.30க்குச் சமயபுரம். 10.40க்குத் தஞ்சாவூரை ஒட்டிய புன்னைநல்லூர். நடை சாத்துவதற்குள் பட்டீஸ்வரம் துர்க்கை. சாப்பாடு. 4 மணிக்குத் திருக்கடையூர் அபிராமி. 6 மணிக்குச் சிதம்பரத்தில் தில்லைக் காளி. ராத்திரி 11 மணிக்குள் வீடு. ஆறு அம்மன், சுமார் 750 கிலோமீட்டர், இருபத்தோரு மணி நேரம். கீழே ஒரு வரி: "டைம் மெயின்டெயின் பண்ணா ஈஸியா முடிச்சிடலாம்." குழுவில் பதினோரு பேர் கைகூப்பினார்கள்.

எங்கள் வீட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஆடியிலும் தையிலும் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் மாலை போட்ட கார்களைப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே தாள்தான் ஓடுகிறது. "முடிச்சிடலாம்" என்கிற வினையைக் கவனியுங்கள். வேலையை முடிக்கலாம், கடனை முடிக்கலாம். அம்மனை எப்படி முடிப்பது?

பேருந்துக்கு நேரம் உண்டு. நடத்துநர் விசில் அடித்தால் ஏறியாக வேண்டும். சுற்றுலா வண்டியில் நாற்பது பேருக்காக ஒருவர் அடங்கிப் போக வேண்டும். சொந்தக் கார் இதிலிருந்துதான் நம்மை விடுவித்தது. "கொஞ்சம் நிறுத்துப்பா" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் சொன்னால் வண்டி நிற்கும். இது ஒன்றுதான் சொந்தக் காரின் பெருமை. வேகம் பெருமை இல்லை, ரயில் அதைவிட வேகம். ஆனால் நாம் போடும் திட்டம் முதலில் காவு வாங்குவது அந்த உரிமையைத்தான். எந்த நடத்துநரும் விதிக்காத கெடுபிடியை நமக்கு நாமே விதித்துக்கொள்கிறோம்.

அந்தக் கெடுபிடியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். முதலில் தண்ணீர்.

எங்கள் வீட்டுப் பெண்கள் கோவில் பயணத்துக்கு முந்தைய இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வழியில் ஒதுங்க இடம் இருக்குமா, இருந்தால் கால் வைக்க முடியுமா, நிறுத்தச் சொன்னால் "இப்பத்தானே நிறுத்தினோம்" என்று முன்சீட்டில் பெருமூச்சு வருமா என்கிற கணக்குதான் காரணம். அம்மாவுக்குச் சர்க்கரை. அடிக்கடி தாகம் எடுக்கும், அடிக்கடி இறங்கவும் வேண்டும். அதனால் குடிப்பதில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா" என்பதை அண்ணன் விரதம் என்று நினைத்துக்கொள்கிறார்.

சமயபுரத்தாளின் விரதம் எப்படி என்று தெரியுமா? மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் அவள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். வழக்கமாகப் பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள். இங்கே மக்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாமி விரதம் இருக்கிறாள். அந்த 28 நாளும் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர் மட்டும்தான். பட்டினி கிடக்கிற அம்மனுக்கே இளநீரும் மோரும் உண்டு. அவளைப் பார்க்கப் போகிற என் அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லை. எக்செல் தாளில் அதற்குக் கட்டம் போடவில்லை.

இரண்டாவது விலை மாத்திரை. இதைப் பற்றி வீட்டு ஆண்கள் பேசுவதில்லை, பெண்கள் சத்தமாகப் பேசுவதில்லை.

பயணத் தேதியை யார் முடிவு செய்கிறார்கள்? லீவு கிடைப்பவர். வண்டி ஓட்டுபவர். தேதி குழுவில் வந்த பிறகு பெண்கள் சமையலறையில் விரல்விட்டு எண்ணுவார்கள். "உனக்கு எப்போ?" என்று மாமியார் கேட்பார். தேதி இடித்தால் அதை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றாது, உடம்பை மாற்றலாம் என்றுதான் தோன்றும். எனக்கு இருபத்தெட்டு வயதில் முதல்முறை அந்த மாத்திரை கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை, மருத்துவரைப் பார்க்கவில்லை. மருந்துக்கடைப் பையன், "கோவிலுக்காக்கா?" என்று மட்டும் கேட்டான். அவ்வளவு சகஜம்.

அது நோரெதிஸ்டிரோன் என்கிற ஹார்மோன் மாத்திரை. மாதவிடாய் எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, தினம் மூன்று வேளை விழுங்கச் சொல்வார்கள். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் இரத்தக்கட்டு வந்தவர்களுக்கும், வரும் ஆபத்து உள்ளவர்களுக்கும் ஆகாது. காலை மடக்கி மணிக்கணக்கில் வண்டியில் உட்கார்ந்திருப்பதே காலில் இரத்தக்கட்டுக்கு ஒரு காரணம். போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நல்லதல்ல. மாத்திரை, தாகம், அசையாத கால் மூன்றையும் ஒரே பெண்ணின் மேல் ஏற்றிவிட்டு அதற்குப் பக்தி என்று பெயர் வைக்கிறோம்.

இத்தனையும் யாருக்காக? அசாமின் காமாக்யாவில் ஆண்டுக்கொரு முறை, ஜூன் மாத வாக்கில், தேவி மாதவிலக்காவதாகக் கருதி மூன்று நாள் கோவிலை மூடுகிறார்கள். அம்புபாச்சி என்று பெயர். லட்சக்கணக்கான பேர் வெளியே காத்திருக்கிறார்கள். கேரளத்துச் செங்கன்னூர் பகவதிக்கும் திருப்பூத்து உண்டு. கருவறை சாத்தி, நாலாம் நாள் பம்பையாற்றுக்கு நீராட அழைத்துப் போகிறார்கள். தேவிக்கு மூன்று நாள் ஓய்வு, தேவியைப் பார்க்கப் போகிறவளுக்கு மூன்று வேளை மாத்திரை. அவ்வளவு தூரம் கூட வேண்டாம். எங்கள் திட்டத்தின் முதல் நிறுத்தமான மேல்மருவத்தூரில் மாதவிலக்கு நாட்களிலும் பெண்கள் வழிபடலாம். அங்கே தடையே இல்லை, தடை காரிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தாவது நிறுத்தம் திருக்கடையூர். அபிராமி பட்டர் கதை தெரியாதவர் யார்? தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சரபோஜி மன்னரிடம் சொல்லிவிட்டார். அபிராமி தன் காதுத் தோட்டைக் கழற்றி வானத்தில் வீசி நிலவாக்கினாள் என்பது நம்பிக்கை. பக்தன் நாளைத் தப்பாகச் சொன்னால் நாளையே மாற்றியவள் அவள். அவளிடம் போவதற்கு நாம் தேதியை மாற்ற மாட்டோமாம்!

மூன்றாவது விலை தூக்கம். அண்ணன் இருபத்தோரு மணி நேரம் தானே ஓட்டப் போவதில்லை. "ஆக்டிங் டிரைவர் போட்டுக்கலாம்" என்றார். அந்தத் தம்பி முந்தைய நாள் எங்கே ஓட்டினார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. பேட்டா எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றது. ஆனால் அது ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. நம் வீட்டுக் காரை ஒருநாள் ஓட்ட வருகிறவருக்கு அந்தச் சட்டம் எட்டியதில்லை. அவருக்கு நம் மனசாட்சிதான் சட்டம்.

நானும் ஓட்டுகிறவள், எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டிலிருந்து விடிகாலை ஆறு வரை உடம்பு தூக்கத்தைக் கேட்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை கேட்கும். பாட்டு, டீ, முகத்தில் தண்ணீர் எதுவும் அதை விரட்டாது. இமை இரண்டு விநாடி மூடினால் போதும், மணிக்கு 100 கிலோமீட்டரில் வண்டி ஐம்பத்தைந்து மீட்டர் போயிருக்கும். நம் திட்டம் சரியாக அந்த இரண்டு நேரத்திலும் அவரை ஓட்ட வைக்கிறது. இதில் இன்னொன்று: ஆறு கோவிலுக்கும் வந்த அவர் ஒரு அம்மனையும் பார்ப்பதில்லை. பார்க்கிங்கில் நிற்கிறார். நம் செருப்புகளுக்குக் காவல் இருக்கிறார்.

இனி எதிர்த்தரப்பு. "கணக்கு நம்ம மரபுலயே இருக்கே, சக்தி பீடம் ஐம்பத்தொண்ணுன்னு நாமதானே எண்றோம்?" உண்மைதான். ஆனால் அது ஒரு ஆயுளுக்கான எண்ணிக்கை. ஒரே நாளுக்கான எண்ணிக்கையும் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமையோடு கூடிய பௌர்ணமியில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் தரிசிப்பது சென்னைப் பக்க வழக்கம். அதன் விதியைப் பாருங்கள். காலையில் ஒருத்தி, உச்சியில் ஒருத்தி, மாலையில் ஒருத்தி. மூன்றும் சென்னையும் அதன் சுற்றுப்புறமும்தான். காரில் காலை பத்து மணிக்குள்ளேயே "முடித்துவிடலாம்". முடிக்கக் கூடாது என்பதுதான் அந்த விதி. நடுவில் இருக்கிற காத்திருப்பும் தரிசனத்தில் சேர்த்தி.

புன்னைநல்லூரில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். மூலவர் புற்றுமண். அதனால் அபிஷேகம் கிடையாது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை 48 நாள் தைலக்காப்பு. அந்த நாட்களில் நீங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் மூலவரைப் பார்க்க முடியாது. வெண்திரையில் எழுதிய அம்மனைத்தான் கும்பிட வேண்டும். அப்படி ஒரு நாளில் போய்ச் சேர்ந்தால் நம் தாளில் அதற்கு "வேஸ்ட்" என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு அது அம்மன் தைலத்தில் இருக்கிற காலம், அவ்வளவுதான்.

கடைசி வாதம்தான் கனமானது, அதைத் தாண்டிப் போக மாட்டேன். "அம்மாவே ஆறையும் பாக்கணும்னு ஆசைப்படறாங்களே?" ஆம், ஆசைப்படுகிறார். "இனிமே எப்போ வரப்போறேன், வந்ததுதான் வந்தோம், பக்கத்துல இருக்கறதையும் பாத்துடுவோம்" என்கிறார். இது பேராசை இல்லை. கார்ச் சாவி அம்மாவின் கையில் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, மகனுக்கு லீவு கிடைத்து, மருமகளுக்கு நாள் ஒத்துவந்து, வண்டி சர்வீஸ் முடிந்து வந்தால்தான் உண்டு. அடுத்த முறை நிச்சயமில்லாதவர் இந்த முறையே எல்லாவற்றையும் கேட்கத்தான் செய்வார். ஆறு கோவில் கேட்கிறவருக்கு உண்மையில் தேவைப்படுவது, "அடுத்த மாசமும் கூட்டிட்டுப் போறேன்மா" என்கிற ஒரு வார்த்தை. அதைக் கொடுக்க நமக்கு நேரமில்லை. அதனால் ஆறு கோவிலைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கிறோம். எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்றால் இங்கிருந்துதான்.

"லீவு இல்லையே" என்பீர்கள். ஒரு நாள்தான் லீவு என்றால் ஒரு அம்மன். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் 75 கிலோமீட்டர். விடிந்த பிறகு கிளம்பலாம். நடை சாத்துவதற்கு முன்னால் காமாட்சியைப் பார்த்துவிட்டு, கோவில் மறுபடி திறக்கும் மாலை நான்கு மணி வரை ஒரு அறை எடுத்து அம்மாவைப் படுக்க வைக்கலாம், ஓட்டுநரும் படுக்கலாம். மாலையில் இன்னொரு முறை அதே அம்மனைப் பார்க்கலாம். ஒரே அம்மனை ஒரே நாளில் இரண்டு முறை பார்ப்பது எங்கள் அண்ணன் தாளில் வராது. ஆனால் அம்மா போன்றவர்கள் ஊரில் அப்படித்தான் கும்பிட்டார்கள், காலையில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை.

ஆகவே அடுத்த முறை திட்டம் போடுகிறவர்களுக்கு, அண்ணன்களுக்கும் அத்தான்களுக்கும், நான் சொல்வது இதுதான். தேதியைப் பெண்களிடம் முதலில் கேளுங்கள். கேட்ட பிறகு ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே என்று கோவிலுக்கு முன்னால் தேடுங்கள். ஓட்டுகிறவர் முந்தைய இரவு ஏழு மணி நேரமாவது தூங்கினாரா என்று கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். சன்னிதியில் அவரையும் வரிசையில் நிறுத்துங்கள், செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு அம்மனை எழுதுங்கள். மிச்சக் கட்டங்களை வெறுமையாக விடுங்கள். பின்சீட்டிலிருந்து யாராவது "நிறுத்துப்பா" என்று சொன்னால் நிறுத்துவதற்கு அந்த நேரம் வேண்டும்.