பட்டம் ஆளைத் தூக்கும்!

பட்டம் விடுவது சிறுபிள்ளை விளையாட்டு என்கிறோம். அந்தப் பட்டம் ஓர் ஆளையே தூக்கியது என்றால் நம்புவீர்களா?

இலங்கையில், யாழ்ப்பாண மாவட்டத்தில், தைப் பொங்கல் நெருங்கினால் பட்டம் கட்டுவார்கள். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று போட்டியே நடக்கும். 2021 டிசம்பரில், பருத்தித்துறைப் பகுதியில், சிலர் கூடி ஒரு பெரிய பட்டத்தை ஏற்றினார்கள். பட்டம் இழுத்தது. மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. கூரை உயரத்துக்கும் மேலே போய்விட்டார்! கீழே விழுந்தும் சிறு காயத்தோடு தப்பினார்.

காரணம் என்ன? காற்றின் வேகம் 2 மடங்கானால், பட்டத்தின் இழுப்பு 4 மடங்காகும். இப்போது தாங்கும் கை, அடுத்த வீச்சில் தாங்காது.

கொடைக்கானல் மலையில் பூண்டி போன்ற ஊர்க்காரர்கள் இதை மறக்கக் கூடாது. மலைச் சரிவில் காற்று ஒரே சீராக வீசாது. தோட்டங்களோ படிப்படியாக இருக்கின்றன. வானத்தைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்தால் கால் தவறும்.

வெளிநாடுகளில் துணிப் பட்டத்தைக் கொண்டு சிறு வண்டியையே இழுக்கச் செய்து விளையாடுகிறார்கள். கையை விட்டதும் பட்டம் காற்றிழந்து விழும்படி, தனிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். வீட்டில் பெரிய பட்டம் தைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

பிள்ளைகள் பட்டம் கட்டட்டும். பெரியவர்கள் கூட நிற்கட்டும். கயிற்றை இடுப்பில் கட்டாதீர்கள், கையில் சுற்றாதீர்கள். மின்கம்பி அருகே போகாதீர்கள். பட்டம் போனால் இன்னொன்று கட்டலாம். பிள்ளை போனால்?