ஆண்டிக்கும் ஒரு தண்டு

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் உள்ளது வடகவுஞ்சி. இவ்வூர்ப் பெரியவர்கள் பேருந்தேறிக் கீழே இறங்கினால், காலம் காலமாகச் சென்று நிற்பது தண்டாயுதபாணிப் பெருமானின் சந்நிதியில்தான். கயிலையையே விட்டுவந்து, கோவணமும் தண்டும் போதுமென நின்ற ஆண்டி அவன்.

மனிதனுக்கு எவ்வளவு போதும்? உலகாளும் வேந்தனாயினும் காட்டில் அலையும் வேடனாயினும் நாழி உணவும் இரண்டு உடையும்தான் என்று புறநானூற்றில் அளவு சொன்னார் நக்கீரர். மணிமேகலை, உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதே அறம் என்றாள். அடிப்படைத் தேவைகளுக்கு இதைவிடச் சிறந்த கணக்கு இல்லை. ஆயினும் முதுமை இக்கணக்கில் அடங்குவதில்லை.

இருபது வயதில் 693 படிகளையும் ஒரே மூச்சில் ஏறியவருக்கு, எழுபதில் வாசற்படி இறங்கவும் கைத்தடி வேண்டியிருக்கிறது. பிறகு மூக்குக்கண்ணாடி, வேளைக்கு மாத்திரை, பல் போனபின் குழைந்த சோறு. பழனி அடிவாரத்தில் மடித்து வைத்திருக்கும் கம்பளி, வடகவுஞ்சியின் மார்கழி இரவில் சோற்றுக்கு அடுத்த தேவை. இவற்றைப் பிள்ளைகளிடம் கேட்கக் கூசிக் குளிரோடும் வலியோடும் காலம் தள்ளுவோர் பலர். ‘சுவாமியே கோவணத்தோடு நிற்கிறார், நமக்கென்ன?’ என்று சமாதானமும் சொல்லிக்கொள்வர். அது துறவன்று, கூச்சம். பெருமான் விட்டது தன்னிடம் இருந்ததை. இவர்கள் விடுவதோ இன்னும் கைக்கே வராததை.

இரண்டாம் காபியும் மாலைத் தொடரும் இதே பட்டியலில் சேருமா என்றால், சேராது. பழக்கம் தேவையின் வேடத்தில் வருவது எல்லா வயதிலும் உண்டு. இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தால் எது எதுவென்று உடம்பே சொல்லிவிடும். மாத்திரையை மட்டும் அப்படிச் சோதிக்கலாகாது.

பழனித் திருக்கோயில் முதியோரைப் படியேறியே வரவேண்டுமென வற்புறுத்தவில்லை. 1966-இல் இழுவை ரயில் வந்தது; 2004-இல் ரோப் காரும் வந்தது. முழங்கால் தேய்ந்தவர் இன்று அமர்ந்தபடியே மலையேறி, சாயரட்சையில் அதே ஆண்டியை இராஜ அலங்காரத்தில் காண்கிறார். இராக்காலப் பூசை முடிந்து பள்ளியறைக்கு எழுந்தருளும் வேளையில், அன்றைய வரவு செலவுக் கணக்கு பெருமான் திருமுன் படிக்கப்படுகிறது. தனக்கென எதுவும் வேண்டாதவன், அதைக் கேட்ட பின்னரே துயில் கொள்கிறான்.